கரி உலோகத்தைப் பிடிக்கும், குற்றவாளியை யார் பிடிப்பது?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த மேசையைப் பார்த்திருப்பார்கள். அடிப்பாகம் வெட்டப்பட்டு, தலைகீழாகக் கவிழ்த்து வைத்த ஒரு தண்ணீர் பாட்டில். உள்ளே கூழாங்கல், ஆற்று மணல், அதற்கும் கீழே அடுப்புக்கரி. மேலே சேற்றுத் தண்ணீரை ஊற்றுவார்கள். கீழே தெளிந்த தண்ணீர் சொட்டும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். நாம் கைதட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வோம்.

அதே கரி இன்று பெரிய மேசைகளுக்கு வந்துவிட்டது. தேங்காய்த் தொட்டி, உமி, கரும்புச் சக்கை, மல்லாட்டைத் தோல், சவுக்குக் கட்டை என்று கையில் கிடைத்த தாவரக் கழிவையெல்லாம் கரியாக்கி, அது தண்ணீரில் இருக்கும் ஈயத்தை, காட்மியத்தை, குரோமியத்தை உறிஞ்சுகிறது என்று ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. மலிவானது, இயற்கையானது, கிராமத்திலேயே செய்துகொள்ளலாம் என்கிறார்கள். இதில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் “கிராமத்திலேயே செய்துகொள்ளலாம்” என்ற வார்த்தையைக் கேட்டதும் நமக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். ஊரிலா, சேரியிலா? யார் செய்துகொள்வது? யாருடைய கழிவுக்காக?

இந்தக் கேள்வியை மண்ணாடிப்பட்டு கொம்யூனில் நின்று கேட்டுப் பார்ப்போம். செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி வரும் சங்கராபரணி புதுச்சேரிக்குள் நுழையும் பகுதி இது. திருக்கனூர் பக்கம் கரும்பும் நெல்லும். விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு, திருவண்டார்கோவில், திருபுவனை வரிசையில் தொழிற்சாலைகள். லிங்காரெட்டிப்பாளையத்தில் ஆண்டுக்கணக்காக இயங்காமல் கிடக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலை. திருபுவனை, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. குடிப்பது முழுக்க நிலத்தடி நீர். ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், அவ்வளவுதான். பூமிக்குள் எது இறங்கினாலும் அது ஒருநாள் குடத்துக்கு வரும்.

கரி செய்யும் வேலை

விறகைத் திறந்தவெளியில் எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றை அடைத்து மூட்டம் போட்டால் கரி கிடைக்கும். கிட்டத்தட்ட 400 முதல் 700 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஆவியாகக் கூடியதெல்லாம் வெளியேறி, கார்பன் கூடு மட்டும் நிற்கும். அந்தக் கூடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதையே 800 டிகிரிக்கு மேல் நீராவியில் மறுபடி வாட்டினால் துளைகள் இன்னும் பெருகும். கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இதுதான். நல்ல தேங்காய்த் தொட்டிக் கரியில் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு வரை இருக்கும். ஏழு கபடிக் களங்களை மடித்து ஒரு சிட்டிகைக் கரிக்குள் வைத்ததுபோல.

நாற்றத்தையும் நிறத்தையும் பிடிக்க இந்தத் துளைகளே போதும். உலோகத்தைப் பிடிப்பது வேறு கணக்கு. தண்ணீரில் கரைந்த ஈயமும் காட்மியமும் நேர்மின்னேற்றம் கொண்டவை. கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கலந்த அமிலத் தொகுதிகள் கொக்கி போல நீட்டிக்கொண்டிருக்கும். தாவரத்திலிருந்து வந்த கால்சியம், பொட்டாசியம், பாஸ்பேட், கார்பனேட் உப்புகளும் இருக்கும். கால்சியம் தன் இடத்தை விட்டுக்கொடுக்க ஈயம் அங்கே அமரும். பாஸ்பேட்டோடு சேர்ந்து படிவாக உறையவும் செய்யும். அறுமதிப்புக் குரோமியம் எதிர்மின்னேற்றம் கொண்டது. அமிலத் தன்மையுள்ள தண்ணீரில்தான் கரி அதை நன்றாகப் பிடிக்கும். பிடிப்பதோடு நஞ்சு குறைந்த மும்மதிப்புக் குரோமியமாக மாற்றியும் விடும். அதே அமிலத் தண்ணீரில் ஈயமும் காட்மியமும் கரியில் ஒட்ட மறுக்கும். ஒரே கரி, ஒரே தண்ணீர், இரண்டு உலோகம், இரண்டு விதமான நடத்தை. “கரி போட்டால் எல்லாம் சுத்தம்” என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்த ஆய்வில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயம், கதிர்வேலு உள்ளிட்ட ஆய்வாளர்கள், யாரும் சீந்தாமல் குவிந்து கிடந்த தென்னை நார்க்கழிவைக் கரியாக்கினார்கள். பாதரசம், ஈயம், காட்மியம், நிக்கல், செம்பு ஆகியவற்றை அது பிடிக்கிறது என்று 2001-இல் வெளியிட்டார்கள். நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் எந்தத் தண்ணீரை எடுத்தார்கள் என்பதை. ரேடியேட்டர் தயாரிக்கும் ஆலையின் கழிவுநீர், நிக்கல் முலாம், செம்பு முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீர். கரியை வைக்க வேண்டிய இடம் ஆலையின் வெளியேற்றுக் குழாய் என்பதை அந்த ஆய்வின் போக்கே சொல்லிவிட்டது. அந்தக் கரியைத் தூக்கிக்கொண்டு போய்க் காலனி வீட்டுப் பானைக்குள் போடச் சொல்வது அறிவியல் சொன்ன யோசனை இல்லை. அது அரசியல்.

பானைக்குள் கரி போடலாமா?

போடாதீர்கள். சேற்றுத் தண்ணீர் தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். ஈயம் போனதைப் பார்க்க முடியாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயம்தான் எல்லை. ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டியில் மொத்தமாக ஒரே ஒரு கிராம் ஈயம் கரைந்திருந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். காட்மியத்துக்கு எல்லை இன்னும் குறைவு, 0.003 மில்லிகிராம். இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி, உலோகம் இன்னும் செறிவாகத்தான் நிற்கும்.

கேன் தண்ணீர் விற்பவரும் சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவரும் ஒரு சின்னக் கருவியை டம்ளருக்குள் விட்டு எண் காட்டுவார்கள். அது கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர். மொத்த உப்புக்கு எல்லை 500 மில்லிகிராம், ஈயத்துக்கு 0.01. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கருவிக்கு ஈயம் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது.

கரியிலும் இதே சிக்கல்தான். கொக்கிகள் எல்லாம் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் பிடிக்காது. நிரம்பிவிட்டது என்று அது குரல் கொடுக்கவும் செய்யாது. தண்ணீரின் அமிலத் தன்மை மாறினால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடவும் செய்யும். ஈரக் கரியில் கிருமிகள் குடியேறும். வர்ணம் அடித்த பலகை, ரசாயனம் பூசிய கட்டை ஆகியவற்றைச் சுட்ட கரி தன்னிடம் உள்ள உலோகத்தையே தண்ணீருக்குள் இறக்கும்.

அப்படியானால் வீட்டளவில் எதுவுமே முடியாதா? முடியும், ஆனால் ஆய்வும் பராமரிப்பும் கூடவே வர வேண்டும். வங்கதேசத்தில் ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணற்றுத் தண்ணீருக்காக அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டிக்கு 2007-இல் கிரேஞ்சர் பரிசு கிடைத்தது. அதில் மரக்கரி உண்டு. ஆனால் ஆர்சனிக்கைப் பிடிப்பது அதிலுள்ள இரும்புக் கலவை. கரி வேறு மாசுகளைப் பார்த்துக்கொள்ளும். சென்னை ஐஐடியில் பிரதீப் குழுவினர் ஆர்சனிக்குக்காக உருவாக்கிய அம்ரித் தொழில்நுட்பமும் இரும்பு அடிப்படையிலானதுதான். எந்த உலோகம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பொருளை வைப்பது என்று சொல்ல முடியும். சோதனை இல்லாத வடிகட்டி ஒரு நம்பிக்கை மட்டுமே. நம்பிக்கையை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் நம் நாட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

தீட்டும் நஞ்சும்

தண்ணீரின் தூய்மையைப் பற்றி இந்தச் சமூகம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கவலைப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கவலை எதைப் பற்றியது என்பதற்கு மகாத் ஒரு சாட்சி. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஆடு மாடு குடிக்கலாம், பிற மதத்தார் குடிக்கலாம், தீண்டப்படாதவர் மட்டும் குடிக்கக் கூடாது என்றிருந்த குளம் அது. அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் 108 பானைகளில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து குளத்தில் கொட்டி அதைச் ‘சுத்தம்’ செய்தார்கள். மனிதன் தொட்ட தண்ணீர் அழுக்கு, சாணம் கரைத்த தண்ணீர் சுத்தம். இதுதான் பார்ப்பனியத்தின் நீர் வேதியியல்.

இங்கே சென்னை மாகாணத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால் 1924-இல் பொதுக் கிணறும் குளமும் சாலையும் எல்லோருக்கும் பொது என்று அரசாணை வந்தது. புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த ஆணை எல்லை தாண்டவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசிய பிரெஞ்சுக்காரர்கள், சாதி வழக்கங்களில் தலையிட மாட்டோம் என்று 1819-லேயே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அரசமைப்புச் சட்டம் வந்தது. 15-ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுப் பாகுபாட்டைத் தடை செய்தது. சட்டத்தில் தண்ணீர் பொதுவாயிற்று. ஆனால் குழாய் எந்தத் தெருவில் முடிகிறது, தொட்டி எங்கே கட்டப்படுகிறது, ஆழ்துளைக் கிணறு எந்த ஓடைக்குப் பக்கத்தில் போடப்படுகிறது என்பதையெல்லாம் முடிவு செய்வது இன்னும் சாதிதான்.

2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே தலித் மக்களைச் சேர்ந்த மூவரின் பெயர்தான் இருந்தது. இயக்கங்கள் அதை ஏற்க மறுத்தன. வேங்கைவயலில் மக்களுக்குத் தெரிந்தது, காரணம் நாற்றம் அடித்தது. ஈயம் நாற்றம் அடிக்காது. பிள்ளை படிப்பில் மந்தமாக இருக்கிறான் என்று ஆசிரியர் சொல்வார். “இதுங்களுக்கு எங்க ஏறப்போவுது” என்று ஊர் சொல்லும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்றும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்கு இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அந்தப் பிள்ளையின் தாயிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். நஞ்சு செய்த வேலைக்குச் சாதி பெயர் வைக்கும். இதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து.

‘நம் முன்னோர் ஒன்றும் முட்டாள்கள் அல்ல’ என்ற வாட்ஸ்அப் பெருமையும் இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். தேற்றாங்கொட்டை தண்ணீரைத் தெளிய வைக்கும் என்பது நல்ல பட்டறிவு, மறுப்பதற்கில்லை. அது கலங்கலைப் போக்கும். முலாம் பட்டறைக் கழிவை அந்தப் பட்டறிவு சந்தித்ததே இல்லை. மேலும், அந்தத் தெளிந்த தண்ணீரை யாருக்கு மேலிருந்து கையில் ஊற்றினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் மரபைப் பற்றிப் பேச வேண்டும்.

கழிவை யார் சுமந்தார்கள்?

கன உலோகம் என்றதும் நம் நிலத்தில் நினைவுக்கு வர வேண்டிய ஊர் ராணிப்பேட்டை. தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு மலைபோல அங்கேயே விடப்பட்டது. ஒவ்வொரு மழையிலும் மஞ்சள் தண்ணீர் இறங்கியது. லாபம் வெளியேறிவிட்டது, கழிவு தங்கிவிட்டது.

பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது சொன்னது. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்றும், அதே பாலாற்று மாசுக்கும் அதே இழப்பீட்டுக்கும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில், 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுக் குழம்புத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தக் குழம்பிலேயே மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவைச் சுத்திகரிப்பது என்று நாம் சுலபமாகச் சொல்லும் வார்த்தைக்குள் இப்படி ஒரு குழம்புத் தொட்டியும் அதன் பக்கத்தில் படுத்துறங்கும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

கரியைப் பற்றிய பேச்சில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். கரி உலோகத்தை அழிப்பதில்லை. ஈயம் ஒரு தனிமம், அதை எரித்தாலும் அழியாது, புதைத்தாலும் மக்காது. தண்ணீரில் இருந்தது கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். உலோகம் நிரம்பிய கரி ஆபத்தான கழிவு. அதை அமிலத்தில் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம், அப்போது உலோகம் அந்த அமிலத்துக்குப் போகும். கடைசியில் ஒரு மூட்டை மிஞ்சும். அந்த மூட்டையை யார் தூக்குவது? எந்தக் கிடங்கில் போடுவது? எந்த ஊரில் குப்பைக் கிடங்கு அமைகிறது, யார் வீட்டுக்குப் பக்கத்தில் அமைகிறது என்பது நமக்குத் தெரியாததா? கையுறை இல்லாமல் அள்ளப் போவது யார் என்பதும் தெரியாததா?

மறுமுனையையும் பாருங்கள். கரி எங்கிருந்து வருகிறது? சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது தமிழ்நாட்டில் பெரிய தொழில். புகைக்குள் நின்று செய்யும் வேலை. மரம் வெட்டும் கூட்டங்களில் இருளர் மக்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு, தலைமுறையாகக் கொத்தடிமையாகக் கிடந்த கதைகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் உங்களுக்கு நினைவிருக்கலாம். புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டதே 2016-இல்தான். காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டிக் கரி சுடும் குழிகளால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று விவசாயிகள் முறையிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு கிராமத்தின் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரி, இன்னொரு கிராமத்தின் கிணற்றைக் கெடுத்து வரக் கூடாது. அடிமை உழைப்பில் வந்த கரியைப் ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்று நாம் மெச்சவும் கூடாது.

அதனால் கரி வேண்டாம் என்கிறோமா? இல்லை. மண்ணாடிப்பட்டில் உமியும் சக்கையும் மல்லாட்டைத் தோலும் சவுக்குக் கட்டையும் கிடைக்கின்றன. ஊதியமும் பாதுகாப்பும் உள்ள ஒரு கூட்டுறவு, முறையான உலையில் கரி செய்து, அதை ஆலைகள் விலை கொடுத்து வாங்கி, தங்கள் வெளியேற்றுக் குழாயில் வைத்து, நிரம்பிய கரியைத் தங்கள் செலவிலேயே அகற்றினால் அது நல்ல திட்டம். வெளியே வரும் கழிவில் உலோகம் செறிவாக இருக்கும், அளவு தெரிந்திருக்கும், அமிலத் தன்மையைச் சரிசெய்ய முடியும், கண்காணிக்க ஆள் வைக்க முடியும். கரி நன்றாக வேலை செய்யும் இடமும் அதுதான், நியாயம் இருக்கும் இடமும் அதுதான். அதே கரியை இலவசமாக மூட்டை கட்டிக் காலனிக்குக் கொடுத்து, “இனி உங்கள் தண்ணீர் உங்கள் பொறுப்பு” என்று கைகழுவினால், மாசுபடுத்தியவர் செலுத்த வேண்டிய பணத்தை மாசுபட்டவர் உடலால் செலுத்துகிறார் என்று பொருள்.

அமெரிக்காவின் பிளின்ட் நகரத்தில் இது நடந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். செலவை மிச்சம் பிடிக்க 2014 ஏப்ரலில் தண்ணீர் ஆதாரத்தை மாற்றினார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாய்மார்களும் ஒரு குழந்தை மருத்துவரும் ரத்தப் பரிசோதனை எண்களோடு வந்து நின்ற பிறகுதான் 2015-இல் அரசு ஒப்புக்கொண்டது. குழாயில் மாட்டும் கரி வடிகட்டிகள் வீடு வீடாக வந்தன. அவசரத்துக்கு அவை தேவைப்பட்டன. ஆனால் பிளின்ட் மக்கள் வடிகட்டியோடு நிற்கவில்லை. ஈயக் குழாய்களைத் தோண்டி எடுக்க வைத்தார்கள், 62 கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டுக்கு அரசை இழுத்து வந்தார்கள். முதலுதவிக்குப் பிறகு நீதியையும் கேட்டார்கள்.

கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் ஒரு தெருவில் தண்ணீர் கெட்டால் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் போய்க் குடத்தை வைக்கலாம். மண்ணாடிப்பட்டில் யார் வாசலில் வைப்பது? புதுச்சேரி மாநிலத்தில் ஐந்து நகராட்சிகளும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல், 38 ஆண்டுகள் கழித்து. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை. இன்று கொம்யூனை நடத்துவது ஆணையர், ஓட்டுப் போட்டு வந்தவர் யாரும் கிடையாது.

இதை வெறும் நிர்வாகத் தாமதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசமைப்பின் 243-டி பிரிவு பஞ்சாயத்துகளில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்குகிறது. தேர்தலே இல்லை என்றால் அந்த இடங்களும் இல்லை. புதுச்சேரி மக்களில் ஏறக்குறைய 16 விழுக்காட்டினர் தாழ்த்தப்பட்டோர். ஒரு தலைமுறை தலித் இளைஞர்களும் இருளர் பெண்களும் வார்டு உறுப்பினராக, கொம்யூன் தலைவராக உட்கார வேண்டிய நாற்காலிகள் காலியாகக்கூட வைக்கப்படவில்லை, எடுத்தே போய்விட்டார்கள். எந்த ஆழ்துளைக் கிணற்றை மூடுவது, எந்த ஆலைக்கு ஆட்சேபம் சொல்வது, சோதனை அறிக்கையை எங்கே ஒட்டுவது என்று தீர்மானிக்கும் மேசையில் சேரியின் குரல் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு முடிந்துவிட்டது என்று 2021-லேயே புதுச்சேரி அறிவித்துவிட்டது. குழாய் வந்தது நல்லது. அந்தத் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பயிற்சி தர வேண்டும், கையில் ஒரு சோதனைப் பெட்டியும் தர வேண்டும். அந்தப் பெட்டியில் அமிலத் தன்மை, கடினத் தன்மை, குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றைப் பார்க்கலாம். ஈயமோ காட்மியமோ அதில் வராது. அதற்கு ஆய்வகம் வேண்டும். தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கொம்யூனுக்கும் வயற்காட்டுக் கொம்யூனுக்கும் ஒரே பெட்டியைக் கொடுத்துவிட்டு, எல்லோரையும் சமமாக நடத்திவிட்டோம் என்று சொல்வது சமத்துவம் ஆகாது.

சட்டத்தில் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுத்து அதன் பயன்பாட்டைக் குறைப்பதைக் குற்றம் என்கிறது. 1989-இல் அதை எழுதியவர்களுக்குக் கிணற்றில் மலம் போடும் கை தெரிந்திருந்தது. இரவில் வால்வைத் திறந்துவிடும் கையையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டுவர முடியுமா என்பதை நம் வழக்கறிஞர் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். வேதியியல் படிப்பவர்கள் இருப்பீர்கள், சட்டம் படிப்பவர்கள் இருப்பீர்கள். பாகூருக்குத் தெற்கே எல்லையைத் தாண்டினால் வரும் கடலூர் சிப்காட் கிராமங்களில், 2004 வாக்கில் சாதாரண மக்களே காற்று மாதிரி எடுக்கக் கற்றுக்கொண்டு, ஆய்வகத்துக்கு அனுப்பி, அந்த எண்களை அதிகாரிகள் முன்னால் வைத்தார்கள். அதுவரை ‘நாற்றம் அடிக்கிறது’ என்று சொன்னபோது யாரும் காதுகொடுக்கவில்லை. எண் வந்ததும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வழி நமக்கும் திறந்தே இருக்கிறது.

முதல் வேலை, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. மண்ணாடிப்பட்டு கொம்யூனில் எந்தெந்த ஆழ்துளைக் கிணறுகளில் ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆர்சனிக், பாதரசம் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, முடிவு என்ன, அந்தக் கிணறுகள் எந்தெந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் தருகின்றன என்று பொதுப்பணித் துறையிடம் கேளுங்கள். தெருப் பெயர் கட்டாயம் வேண்டும். கொம்யூனுக்கு ஒரு சராசரி எண்ணைக் கொடுத்தால் ஊரின் நல்ல தண்ணீருக்குள் காலனியின் கெட்ட தண்ணீர் மறைந்துவிடும். எந்த ஆலைக்கு எவ்வளவு கழிவுநீர் அனுமதி, கடைசி ஆய்வு எப்போது என்று மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் கேளுங்கள். வரும் பதிலைத் தமிழில் எழுதி, அந்தந்தத் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எல்லை மீறிய கிணறு இருந்தால் அன்றே அதை மூடி மாற்றுத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சித் தேர்தல் கோரிக்கையைக் குடிநீர்க் கோரிக்கையோடு சேர்த்தே எழுப்புங்கள்.

கரியை ஆராய்ச்சி செய்கிற தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையில் எத்தனை விழுக்காடு ஈயம் நீங்கியது என்று எழுதுகிறீர்கள். அந்த ஈயம் எங்கிருந்து வந்தது, கரி யார் கையால் வந்தது, நிரம்பிய கரி யார் தலையில் போகும் என்று இன்னும் மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்று வரி இல்லாத அறிவியல், சவதார் குளத்தில் கொட்டிய பானைகளைப் போலவே, யாருடைய மனநிறைவுக்காகவோ செய்யும் சடங்காகிவிடும்.

மகாத்தில் அந்த மக்கள் குடித்தது வெறும் தாகத்துக்காக அல்ல. குளம் எங்களுடையதும்தான் என்று சொல்லவே குடித்தார்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதும், கலந்தவனைக் காட்டு என்று கேட்பதும் அதே உரிமையின் அடுத்த அடி. முதல் மனுவை இந்த வாரமே எழுதுவோம்.